விபூதிப் புதனுக்கு ஒரு தலைப்பு

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மூன்று வருடம், சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் கத்தோலிக்கத் திருநாள்களைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். மற்ற நாள்களில் கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலை. காணி விண்ணப்பங்களைச் சுருக்கி, துரை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தப் பழக்கம்தான் என்னை இந்த வேலையில் மாட்டிவிட்டது.

எங்கள் கோயிலில் இருந்த சுவாமியார் ஐரோப்பியர். கண்டிக்கு வருமுன் தென்னிந்தியாவில் பல வருடம் இருந்து தமிழ் படித்தவர். தமிழ்நாட்டில் சில பண்டிதர்கள் சேர்ந்து, உலகத்து விஷயங்களையெல்லாம் அகரவரிசையில் சொல்லும் பெரிய நூலொன்றைத் தொகுக்கத் தொடங்கியிருந்தார்கள். இப்போது அதைக் கலைக்களஞ்சியம் என்று சொல்வார்கள். அப்போது எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. சுவாமியார் 'கோசம்' என்பார். அதில் கிறிஸ்தவ விஷயங்கள் அவர் பொறுப்பில் வந்தன. திருநாள்களை என்னிடம் தந்தார். நாற்பதுக்குச் சற்று மேலே இருந்தன. "நீர் விண்ணப்பம் சுருக்குவதுபோல எழுதும். பிரசங்கம் வேண்டாம். பிரசங்கத்துக்கு நான் இருக்கிறேன்" என்றார்.

அது நான் நினைத்ததிலும் கடினமாக இருந்தது. பிறந்த நாளிலிருந்து கத்தோலிக்கனாக இருந்தவன் நான். பெந்தெகொஸ்தே என்றால் என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. முதல் கட்டுரையை எழுதி வாசித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே எல்லாம் தெரிந்த ஒருவருக்கு எழுதியதுபோல இருந்தது. தெரியாத ஒருவர் வாசித்தால் எங்கே தடக்குவார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைக் காட்டித் தந்தவள் என் மனைவி.

அவள் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர், அடுத்தடுத்த ஒழுங்கை. என்னைக் கலியாணம் செய்வதற்காக இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் பெற்றாள். அவளுடைய தகப்பனார் கலியாணத்துக்கு வரவில்லை, தாயாரை வரவிடவுமில்லை. இனிமேல் அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இருபதுகளின் பிற்பகுதியில் கண்டிக்கு மாற்றம் கிடைத்தபோது எங்கள் இருவருக்கும் அது ஆறுதலாக இருந்தது. கட்டுக்கலையில், பிள்ளையார் கோயிலைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தோம். இரண்டு பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள்.

வளர்ந்தபின் கிறிஸ்தவ வேதம் படித்தவள் என்பதால் அவளுக்கு ஒவ்வொன்றும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதாக இருந்தது. நான் எழுதிய தாள்களை மேசையிலிருந்து எடுத்து, சமையலறை வாசலில் நின்றபடி வாசிப்பாள். "உயிர்த்த ஞாயிறு ஏன் ஒவ்வொரு வருசமும் வேறை வேறை நாளிலை வருகுது எண்டு எழுதேல்லையே" என்பாள். இயேசு பிறந்த நத்தார்த் திருநாள் கட்டுரையைப் படித்துவிட்டு, அன்றைக்கு என்ன சாப்பிடுவது என்று ஒரு வரிகூட இல்லையே என்றாள். இது சமையல் புத்தகமில்லை என்றேன். சாப்பாடு இல்லாமல் எந்தச் சனம் திருநாள் கொண்டாடும் என்று கேட்டாள். சுவாமியாரிடம் இதைச் சிரிப்புக்காகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையும் அவள் வாசிக்காமல் வீட்டை விட்டுப் போகவில்லை.

உயிர்த்த ஞாயிறு நகர்வது பற்றி எழுதியது ஒரு கடை வாசலில் உருவானது. நான் தாள் வாங்கும் கடைக்காரர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதற்கு இவ்வளவு தாள் என்று ஒரு நாள் கேட்டார். சொன்னேன். மார்ச் இருபத்தொன்றிலோ அதன் பின்னோ வரும் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு என்று கணக்கை விளக்கியதும், பௌர்ணமி என்ற இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

"அப்ப ஒங்கட பிறைய ஆரும் கண்ணால பாக்கிறல்லையா?"

இல்லை என்றேன். எப்போதோ போட்டுவைத்த அட்டவணை இருக்கிறது, சந்திரன் வானத்தில் எங்கே நின்றாலும் அட்டவணைதான் கணக்கு என்றேன். "அப்ப மழ மூட்டமா இருந்தாலும் கரச்சல் இல்ல" என்றார். பிறகு, நோன்பு முடியும் தறுவாயில் மலைக்கு மேலே முகில் மூடிக்கொண்டால் ஊரே வெளியே நின்று பார்க்கும் என்றும், அப்படி எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பது தமக்குப் பெருநாளில் பாதி என்றும் சொன்னார். அவர் சொன்னது வழி முழுக்க மனதில் இருந்தது. எங்கள் திருநாளில் அப்படி ஓர் ஐயப்பாடு இல்லை. அது நல்லதா கெட்டதா என்று கோசத்தில் எழுத இடமில்லை. அட்டவணையைப் பற்றி மட்டும் தெளிவாக எழுதினேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முன்வரும் தபசு காலத்தின் முதல் நாளாகிய விபூதிப் புதனுக்கு வந்தது இரண்டாவது வருடம். அன்று குருவானவர், சென்ற வருடத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை ஒவ்வொருவருடைய நெற்றியிலும் சிலுவையாகப் பூசி, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணாகவே போவான் என்று லத்தீனில் நினைவூட்டுவார். அது திருநாளல்ல, ஒரு வேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாள். ஆனாலும் என் பட்டியலில் இருந்தது. எழுதத் தொடங்குமுன்னே தொகுப்பாசிரியரிடமிருந்து சுவாமியாருக்குக் கடிதம் வந்தது. அவர் தமிழ்நாட்டுப் பண்டிதர், சைவர். தலைப்பைச் 'சாம்பற் புதன்' என்று வைக்கும்படி எழுதியிருந்தார். விபூதி என்ற சொல்லைக் கண்டால் வாசகர் மயங்குவர். கட்டுரைக்குள்ளும் வேறுபாட்டை ஐயமறக் குறிக்க வேண்டும் என்றிருந்தார். மரியாதையான கடிதம். எனக்கும் நியாயமாகவே பட்டது.

அந்தச் சனிக்கிழமை கட்டுரையை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். குருத்தோலை, சாம்பல், லத்தீன் வாக்கியம், ஒருசந்தி, மச்ச மாமிசம் விலக்கல், எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கின. கடைசிக்கு முந்திய வரி இப்படி இருந்தது: இச்சாம்பல் சைவ சமயத்தார் அணியும் திருநீற்றிலிருந்து முற்றிலும் வேறானது.

வழமைபோல மனைவி தாளை எடுத்தாள். வாசித்துவிட்டுத் திருப்பித் தருவாள் என்று பார்த்தேன். தரவில்லை. எனக்கு எதிரே இருந்த கதிரையில் வந்து இருந்தாள்.

"இந்த வரி சரிதான்" என்றாள். "ஆனால் அம்மாவுக்கு அது தெரியாமலே போச்சுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய தாயார் இறந்து அப்போது நாலு வருடம். என்ன சொல்கிறீர் என்று கேட்டேன். அவள் எழுந்து அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழேயிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். எழுத்து அவளுடைய தங்கையுடையது. தாய் சொல்லச் சொல்ல எழுதியது. கடைசி இரண்டு வரி மட்டும் தாயாரின் கை. நீ திரும்பவும் திருநீறு பூசிக்கொண்டு திரிகிறாய் என்று கேள்விப்பட்டேன், எனக்கு அது காணும், வேறொன்றும் வேண்டாம் என்று அந்த இரண்டு வரியில் இருந்தது.

நடந்ததை அவள் சொன்னாள். நாங்கள் கண்டிக்கு வந்து மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, விபூதிப் புதனன்று காலைப் பூசைக்குப் போய்விட்டு மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். நான் கச்சேரிக் கந்தோருக்குப் போய்விட்டேன். பிள்ளையார் கோயில் வாசலுக்கு நேரே வரும்போது மகனின் சப்பாத்து நாடா கழன்றுவிட்டது. குனிந்து கட்டினாள். அந்த நேரம் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தவர் எங்கள் கந்தோரிலேயே வேலை செய்பவர், அவளுடைய ஊர்க்காரர், அவளுடைய தகப்பனாருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் கண்டது, பிள்ளையார் வாசலில் குனிந்து நின்ற பெண்ணையும் அவள் நெற்றியில் சாம்பலையும். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். இவளும் தலையாட்டினாள். அடுத்த மாதம் கடிதம் வந்தது.

"நீர் பதில் எழுதினீரோ?" என்று கேட்டேன்.

"எழுதினன். பிள்ளையைப் பற்றி எழுதினன். குளிரைப் பற்றி எழுதினன். அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை."

அதன்பின் ஒரு வருடத்துக்கு மாதம் தவறாமல் தாயாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வருவது எனக்கும் தெரியும். தாயின் மனம் இளகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஏன் இளகியது என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு தந்தி வந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று நான் கண்டியிலேயே நின்றுவிட்டேன். அவள் தனியே ரயிலேறிப் போனாள்.

"எல்லாம் முடிஞ்ச பிறகுதான் போய்ச் சேர்ந்தன். விபூதித் தட்டை எனக்கும் நீட்டினவை. அவை எல்லாரும் அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டிருந்தவை."

"எடுத்தீரோ?"

"ஓம். எடுத்துப் பூசினன்."

குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அதைச் சொன்னீரோ என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அது எனக்கும் அவளுக்கும் இடையிலான விஷயமல்ல என்று அப்போதே தெரிந்தது. ஆனால் கோபம் வந்தது. தாயை ஏமாற்றியதற்காக அல்ல. ஒரு வருடம் அந்தக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாளே என்றுதான். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

நீங்கள் திருத்தி எழுதச் சொல்லியிருப்பீர்கள் என்றாள். அது உண்மை. நான் சொல்லித்தான் இருப்பேன்.

இன்னொன்றும் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்குப் பின் தனக்கு மிகவும் வெறுமையாக இருந்தது நெற்றிதானாம். காலையில் முகம் கழுவியதும் கை தானாக அங்கே போய்விட்டுத் திரும்புமாம். வருடத்தில் ஒரு நாள், அந்தப் புதனன்று மட்டும், நெற்றியில் ஏதோ இருக்கிற உணர்வோடு தெருவில் நடந்து வரலாம். சிலுவைதான் பூசுகிறார்கள் என்பது தெரியும், அதன் அர்த்தமும் தெரியும், அதை நம்பியேதான் பூசிக்கொள்வதாகச் சொன்னாள். ஆனாலும் அன்றைக்கு ஆறுதலாக இருக்கும் என்றாள். ஒவ்வொரு வருடமும் அன்று மட்டும் அவள் எனக்கு முன்னே எழும்பி ஆயத்தமாகி நின்றது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். பக்தி இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

எழுந்து போகுமுன் தலைப்பைத் தொட்டுக் காட்டினாள். "சாம்பல் அடுப்புக்குள்ளை கிடக்கிறது. நெத்தியிலை வைச்சால் அது விபூதி. கோயிலிலை சுவாமியும் அப்பிடித்தானே அறிவிக்கிறவர்."

திங்கட்கிழமை கந்தோரில் அந்த ஊர்க்காரர் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தார். நல்ல மனிதர். ஒரு காலத்தில் அவர் என்மேல் காரணமில்லாமல் கூடுதல் அன்பு காட்டியதும், மாம்பழக் காலத்தில் ஊரிலிருந்து வந்த பழத்தில் பாதியை எனக்குத் தந்ததும் ஞாபகம் வந்தன. மனைவி திருநீறு பூசுவதைத் தடுக்காமல் விட்டுவிட்ட பெருந்தன்மைக்காரன் என்று நினைத்திருப்பார். சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் தேநீருக்கு வெளியே போனபோது, அன்று அவர் கண்டது எங்கள் கோயில் சாம்பல் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிப்போயிற்று. சந்தோஷமான செய்தியென்றுதான் எழுதியதாகச் சொன்னார். பிறகு, தான் செய்தது பிழையோ என்று கேட்டார்.

பிழையில்லை என்றேன். அவர் எழுதியிராவிட்டால் என் மனைவிக்கு அந்த ஒரு வருடக் கடிதங்கள் கிடைத்திரா. இதையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதுதான் என் கோபம் போய்விட்டதை நானே அறிந்தேன்.

அடுத்த ஞாயிறு சுவாமியார் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பூசைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பூசை முடிந்து, சிற்றாலய வாசலில் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரிடம், நெற்றியில் சாம்பல் பூசுகிற நாளுக்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் சொன்னாள்: "விபூதி புதங்கெழமைங்க. ஆனா எங்களுக்கு அது ஞாயித்துக்கெழமதாங்க வரும்."

புதன்கிழமை காலை எல்லாரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். சாம்பலுக்காக ஒருவரும் விடுமுறை தரமாட்டார்கள். ஆகவே அடுத்து வரும் ஞாயிறு சுவாமியார் சாம்பலைக் கொண்டுபோய்ப் பூசுவார். ஞாயிற்றுக்கிழமை வருகிற புதன்கிழமையைப் பற்றி நான் வைத்திருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

திரும்பி வரும் வழியில் காரில் வைத்துச் சுவாமியாரிடம் தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன். வடக்கிலும் அப்படித்தான் சொல்கிறோம், தோட்டத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள், சனம் சொல்லாத பேரை நாமாகவே வைப்பது சரியில்லை என்றேன். மனைவியின் கதையையும், அவளிடம் கேட்டுக்கொண்டுதான், சொன்னேன்.

"அந்த வேறுபாட்டு வரி பொய்யா?" என்று கேட்டார்.

"பொய்யில்லை, சுவாமி."

"அப்படியானால் அது இருக்கட்டும். தலைப்பு உமது இஷ்டம்."

வரியை வைத்துக்கொண்டேன். 'முற்றிலும்' என்பதை எடுத்துவிட்டேன். அதற்குப் பின்னால் இன்னொரு வரி சேர்த்தேன்: பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். தோட்டங்களில் இது ஞாயிறன்று நடைபெறும் என்பதையும் சேர்த்தேன். மனைவி படித்துவிட்டு, மச்சம் விலக்குவது பற்றி எழுதிய இடத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தித் தந்தாள்.

தலைப்பை மாற்றியதால் வந்த விளைவை நான் யோசிக்கவில்லை. கோசம் அகரவரிசையில் போவது. சாம்பற் புதனாக இருந்திருந்தால் இரண்டாம் புத்தகத்தில் வந்திருக்கும். விபூதிப் புதன் என்றதால் கடைசிப் புத்தகத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் புத்தகம் தபாலில் வந்தபோது நானும் மனைவியும் சுவாமியாருமாக அவருடைய அறையில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். உரிய பக்கத்தில், சாம்பிராணி பற்றிய நீண்ட கட்டுரைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு வரி இருந்தது: சாம்பற் புதன்: விபூதிப் புதன் காண்க. பண்டிதர் எங்கள் தலைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அந்தக் கடைசிப் புத்தகம் வரவில்லை. தொகுப்பாசிரியர் நோயில் விழுந்தார். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டார்கள். 'ப' வரிசையோடு வேலை நின்றுபோயிற்று. சுவாமியாருக்குத்தான் அது பெரிய மனக்குறை. எனக்கு அவ்வளவாக இல்லை. நாற்பதில் முப்பதேனும் அச்சேறின. அதில் என் பேர் எங்கும் இல்லை. இருக்கவும் கூடாது என்பதே முறை. மற்றத் தாள்கள் வீட்டில் ஒரு றங்குப் பெட்டியில் கிடந்தன.

புத்தகம் நின்றுபோன செய்தி வந்த வாரம் மனைவி தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் எழுதச் சொல்லவில்லை. எழுதி முடித்து, ஒட்டுமுன் என்னிடம் தந்தாள். அதில், அம்மா கேள்விப்பட்டது சரியில்லை. அன்றைக்கு என் நெற்றியில் இருந்தது எங்கள் கோயில் சாம்பல். அதை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ என் கையில் விபூதித் தட்டைத் தந்தபோதும் சொல்லவில்லை என்று நேராக எழுதியிருந்தாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. விபூதிப் புதன் கட்டுரையின் பிரதியொன்றையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்பும் என்றேன்.

ஆறு வாரம் பதில் இல்லை. தபால்காரன் வரும் நேரம் அவள் முன்விறாந்தைக்குப் போகாமல் உள்ளேயே நிற்கத் தொடங்கினாள். ஏழாவது வாரம் வந்தது. இரண்டு பக்கம். தகப்பனாருக்குக் காலில் நோவு, தங்கையின் மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தது, கிணற்றில் தண்ணீர் வற்றியது எல்லாம் இருந்தன. கடைசியில், பெரகரா ஊர்வலம் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், ஓகஸ்டில் வந்தால் உங்கள் வீட்டில் தங்க இடம் இருக்குமா என்று கேட்டிருந்தாள். கட்டுரையைப் பற்றியோ அக்கா எழுதியதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். "அவள் அதை வாசிச்சவளோ தெரியாது" என்றாள். வாசிக்காமல் ஆறு வாரம் எடுத்திருக்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். ஐந்து பேர் என்றாள். பாய் காணாது, இன்னும் இரண்டு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.